மண்ணைப் படிப்பதும் ஒரு படிப்போ?



சென்ற இதழ் வெளிவந்து இரண்டு கிழமையில் ஒரு தாயிடமிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார். இங்கு ஜேர்மனிக்கு வந்து ஏழு வருடம். மகள் அடுத்த வருடம் அபிட்டூர் எடுக்கிறாள். கணிதத்திலும் இரசாயனவியலிலும் நல்ல புள்ளிகள். வீடு முழுக்க மருத்துவம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிள்ளை மாறிச் சொல்லிவிட்டாள். கடிதத்தில் இருந்ததை அப்படியே தருகிறோம்:

"மண்ணும் தண்ணியும் படிக்கப் போறன், பிறகு அதிலேயே ஆராய்ச்சி செய்து பல்கலைக்கழகத்தில படிப்பிக்கப் போறன் எண்டு நிக்கிறாள். தோட்டத்தில கிடந்து முதுகு முறிஞ்ச சனம் நாங்கள். பிள்ளையும் இங்க வந்து மண்ணையே கிண்ட வேணுமோ? இதுக்கு வேலை இருக்கோ? சனம் கேட்டால் என்னெண்டு சொல்லுறது?"

மூன்றாவதாக எழுதிய கேள்விதான் மனத்தில் முதலாவதாக வந்த கேள்வி என்பது எங்களுக்கு விளங்காமலில்லை. பிறந்தநாள் மண்டபத்தில் கோப்பையில் சோறு விழுவதற்கு முன்னமே "பிள்ளை என்ன படிக்குது?" என்ற கேள்வி விழும். டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன் என்றால் அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். மண் என்றால் நின்று விசாரிப்பார்கள்.

இந்தப் பக்கத்தை எழுதும் நாங்கள் படித்தவர்கள் அல்லர். எங்கள் பள்ளிக்கூடம் 2008இல் இடம்பெயர்ந்தபோது சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னமே படிப்பு நின்றுவிட்டது. இப்போது பகலும் இரவும் மாறிமாறி வரும் வேலைநேரத்தில், இயந்திரம் துப்புகிற இரும்புத் துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்குகிறோம். ஆகவே பல்கலைக்கழகம் பற்றி மேடையேறிப் பேச எங்களுக்குத் தகுதியில்லை. ஆனால் இந்தப் படிப்பைப் படித்த ஒருவர் என்னவானார் என்று தேடி வாசிக்க யாருக்கும் தகுதி உண்டு. வாசித்தோம். வாசிக்க வாசிக்க, இந்த மனிதர் எங்கள் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் போல இருந்தார். ஏனென்றால் அவரும் அகதிப் பிள்ளை.

பெயர் ரத்தன் லால். 1944இல், இன்று பாகிஸ்தானுக்குள் இருக்கும் பஞ்சாப் பகுதியில் கரியால் என்ற ஊரில், ஒரு சிறு விவசாயியின் பிள்ளையாகப் பிறந்தவர். 1947இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது அவருக்கு மூன்று வயதுகூட முழுதாக ஆகவில்லை. குடும்பம் நிலத்தை விட்டு, வீட்டை விட்டு இந்தியாவுக்குள் ஓடி வந்தது. இன்று ஹரியானா மாநிலத்தில் இருக்கும் ராஜவுண்ட் என்ற இடத்தில் கொஞ்ச நிலத்தில் குடியேறினார்கள். மாடும் கையும்தான் விவசாயம். நிலத்தை இழந்தவனுக்குத்தான் நிலத்தின் அருமை தெரியும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லுவார்கள். அந்தத் தகப்பனுக்கும் தெரிந்திருக்கும்.

பிள்ளை படித்தான். 1963இல் லூதியானாவில் உள்ள பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்தில் முதற் பட்டம். 1965இல் டெல்லியில் இந்திய விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தில் முதுமாணி. 1968இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். பிறகு சிறிது காலம் அவுஸ்திரேலியாவில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு. 1970இல், 25 வயதில், ஆபிரிக்காவுக்குப் போனார். நைஜீரியாவில் இபாடான் நகரத்துக்கு அருகில் இருக்கும் வெப்பமண்டல விவசாயத்துக்கான சர்வதேச நிறுவனத்தில் மண் பௌதிகவியல் ஆய்வாளராகச் சேர்ந்தார். மண் பௌதிகம் என்றால் மண்ணுக்குள் தண்ணீர் எப்படி இறங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, சூடு எப்படி ஏறுகிறது, மண் ஏன் இறுகுகிறது என்று படிப்பது. 1987 வரை, 17 வருடம், அங்கேயே இருந்தார்.

அவர் அங்கு செய்த வேலையைச் சொல்லாவிட்டால் இந்தப் படிப்பு என்னவென்று விளங்காது. அதனால் கொஞ்சம் நின்று சொல்லுகிறோம்.

அது காட்டு நிலம். காட்டை வெட்டி உழுது சோளம் போட்டால் முதல் வருடம் நன்றாக விளையும். பிறகு மாரி வரும். வெப்பமண்டல மழை என்றால் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே ஜேர்மனியில் பெய்வதுபோல நாள் முழுக்கச் சிணுங்காது, அரை மணித்தியாலத்தில் கொட்டிவிட்டுப் போகும். வெறும் மண்ணில் விழும் ஒவ்வொரு துளியும் ஒரு சிறு சுத்தியல். மண் கட்டியை உடைக்கும். உடைந்த தூள் மண்ணின் கண்களை அடைக்கும். மேலே ஓடு போல இறுகும். அதற்குப் பிறகு விழும் தண்ணீருக்கு உள்ளே போக வழியில்லை. பக்கவாட்டில் ஓடும், ஓடும்போது மேல்மண்ணையும் கொண்டுபோகும். பயிருக்குச் சோறு அந்த மேல்மண்ணில்தான் இருக்கிறது. ஒரு சாண் மண் உருவாக ஆயிரக்கணக்கான வருடம். போவதற்குச் சில மாரி போதும்.

இதை எல்லா விவசாயியும் கண்ணால் கண்டிருப்பான். லால் செய்தது அதை அளந்தது. சரிவு 1 வீதம், 5 வீதம், 10 வீதம், 15 வீதம் என்று நான்கு விதமான நிலத்தில் பாத்திகளை ஒதுக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் தொட்டி வைத்து, மழைக்கு எவ்வளவு தண்ணீர் ஓடிவந்தது, அதனோடு எவ்வளவு மண் வந்தது என்று பிடித்து நிறுத்தார். ஒரு பாத்தி வெறும் மண். மற்றவற்றில் ஹெக்டயருக்கு 2 தொன், 4 தொன், 6 தொன் என்ற கணக்கில் வைக்கோலைப் பரப்பினார். உழுத பாத்தி, உழாமல் விதைத்த பாத்தி என்றும் பார்த்தார். 6 தொன் வைக்கோல் மூடிய பாத்தியில், சரிவு கூடிய இடத்தில்கூட, ஓடிவந்த தண்ணீரும் மண்ணும் பேருக்குத்தான். உழாமல், பழைய பயிரின் தட்டையை நிலத்திலேயே விட்டு, அதற்குள் துளைபோட்டு விதைத்த பாத்திகளிலும் மண் நின்றது. துளியின் அடியை வைக்கோல் வாங்கிக்கொண்டது, புழுக்கள் அதற்குக் கீழே வழி வெட்டின, தண்ணீர் உள்ளே இறங்கியது. வெயிலுக்கு 40 பாகைக்கு மேல் கொதிக்கும் மேல்மண், மூடிய இடத்தில் குளிர்ந்து கிடந்தது.

அதோடு விடவில்லை. காட்டை எப்படி வெட்டுவது என்பதையே ஆராய்ந்தார். கத்தியும் கோடரியும் கொண்டு ஆட்கள் வெட்டிய நிலம் ஒரு பக்கம், புல்டோசர் வேரோடு பிடுங்கிய நிலம் மறுபக்கம். புல்டோசர் போன நிலத்தில் மண்ணரிப்பு பல மடங்கு கூடியது. கனத்த இயந்திரம் மண்ணை இறுக்கிவிடுகிறது, மேல்மண்ணையும் வழித்துப் போட்டுவிடுகிறது. அபிவிருத்தி என்றால் புல்டோசர் என்று நாடுகள் நினைத்திருந்த காலத்தில் இதை எழுத ஒருவர் வேண்டியிருந்தது. வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? தொட்டியில் பிடித்த மண்ணை நிறுத்துக் காட்டினால் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆராய்ச்சி என்று பெரிய சொல்லாகச் சொல்லுகிறார்கள். எங்களுக்கு விளங்கியமட்டில், எல்லோரும் கண்டதை யாரும் மறுக்க முடியாதபடி அளப்பதுதான் அது.

1982இல் றோஜர் றெவெல் என்ற பெயர்பெற்ற கடலாய்வாளர் இபாடானுக்கு வந்தார். வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு ஏறுவதால் உலகம் சூடாகும் என்று ஆரம்பத்திலேயே எச்சரித்தவர்களில் ஒருவர். லால் தன் பாத்திகளைக் காட்டி, காடு வெட்டிய பிறகு மண்ணில் இருந்த காபன் எப்படிக் குறைகிறது என்று சொன்னபோது, குறைந்த காபன் எங்கே போகிறது, அதைத் திரும்ப மண்ணுக்குள் கொண்டுவர முடியுமா என்ற பேச்சு வந்தது. அதற்குப் பிறகு லாலின் பாதை அந்தக் கேள்வியின் பின்னால் போனது. 1987இல் தான் கலாநிதிப் பட்டம் எடுத்த ஒகாயோப் பல்கலைக்கழகத்துக்கே ஆசிரியராகத் திரும்பினார். உலகத்து மண்ணில், மேலிருந்து ஒரு மீற்றர் ஆழத்துக்குள், உக்கிய இலைதழையாக, வேராக, உயிராகக் கிடக்கும் காபன் ஏறக்குறைய 15,000 கோடி கோடி கிராம் என்று சொன்னால் தலை சுற்றும், இப்படிச் சொல்லுகிறோம்: ஆகாயத்தில் உள்ள காபனை விடவும், உலகத்து மரம் செடி கொடி எல்லாவற்றிலும் உள்ள காபனை விடவும் மண்ணில் உள்ளது கூட. அந்தக் களஞ்சியம் உழவாலும் எரிப்பாலும் குறைந்துகொண்டு வருகிறது. அதை நிரப்பினால் ஆகாயத்துக்கும் நல்லது, பயிருக்கும் நல்லது, தண்ணீருக்கும் நல்லது. உக்கிய பசளை தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மண் படிப்பும் தண்ணீர்ப் படிப்பும் ஒன்றாக இருப்பதன் காரணம் இதுதான்.

அவர் பிறந்து வளர்ந்த பஞ்சாப், ஹரியானாப் பக்கத்தில் இன்றும் நெல் அறுத்த பிறகு வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அடுத்த கோதுமை விதைப்புக்கு நாள் போதாது என்பது அவர்கள் நியாயம். அந்தப் புகை ஒக்டோபர், நவம்பரில் டெல்லியை மூடுகிறது. நைஜீரியாவில் மண்ணைக் காத்த வைக்கோல் அங்கே புகையாகிப் போகிறது. இதைப் பற்றியும் அவர் பல தடவை எழுதியும் பேசியும் இருக்கிறார். இன்னும் எரிகிறது. விஞ்ஞானி சொன்னவுடன் ஊர் திருந்திவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

2019இல் ஜப்பான் பரிசு. 2020இல் உலக உணவுப் பரிசு, இரண்டரை இலட்சம் டொலர். அந்தப் பணத்தை எதிர்கால மண் ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் கொடுத்துவிட்டார். 2021இல் இந்திய அரசின் பத்மசிறீ. சர்வதேச மண் விஞ்ஞானச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். பட்டப்பின் படிப்புக்கு அவரிடம் படித்தவர்கள் நூறு பேருக்கு மேல். அவர்கள் பல நாடுகளில் இன்று தாங்களும் படிப்பிக்கிறார்கள். எங்களுக்குப் பரிசுகளைவிட இந்தக் கணக்குத்தான் பெரிதாகப் பட்டது.

இனி எங்கள் மண்ணுக்கு வருவோம். அந்தத் தாய் யாழ்ப்பாணத் தோட்டத்தைப் பற்றி எழுதியதால் இது வெளிக்கதை அல்ல.

குடாநாட்டில் ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடும். குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் எல்லாம் கிணறு. அடியில் சுண்ணாம்புக்கல். மாரி மழை அதற்குள் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நல்ல தண்ணீரைக் கணக்குக்கு மேல் இறைத்தால் உவர் மேலே ஏறும். துலாவால் இறைத்த காலத்தில் ஆளின் கை ஓய கிணறும் ஓய்ந்தது. மெசினுக்குக் கை ஓய்வதில்லை.

இன்னொன்று நைத்திரேற்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளி எறிந்த யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் தண்ணீரோடு கீழே இறங்கி, கற்குகை வழியே கிணற்றுக்குப் போகிறது. மலகூடக் குழியும் சேர்கிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரைதான் நைத்திரேற்று இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. யாழ்ப்பாணத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இது ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் பிள்ளை நீலம் பாரிக்கும். ஊருக்கு விடுமுறையில் கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். குழந்தையின் பாலுக்குச் சோதித்த தண்ணீரையே பாவியுங்கள்.

ஜேர்மனிக்கும் இதே தலையிடிதான். இங்கே பன்றிப் பண்ணைக் கழிவை வயலுக்குக் கொட்டி நிலத்தடி நீரைக் கெடுத்ததற்காக 2018இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஜேர்மனி சட்டத்தை மீறியதாகத் தீர்ப்புச் சொன்னது. 2020இல் பசளைச் சட்டத்தை இறுக்கினார்கள். எங்கே எத்தனை கிணறு தோண்டி அளப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு பசளை என்று சொல்ல இந்தப் படிப்புப் படித்தவர்களைத்தான் கேட்கிறார்கள்.

எங்கள் அப்பு ஆச்சிமார் தோட்டத்துக்குக் குழை தாழ்த்தார்கள். பூவரசங்குழை, கிளுவங்குழை. வேலி பிரித்த பழைய பனையோலையையும் வெட்டித் தாழ்த்தார்கள். "மண் பொதுபொதுவெண்டு வரும்" என்பதற்கு மேல் அவர்களிடம் விளக்கம் இல்லை. லால் இபாடானில் தொட்டி வைத்து அளந்தது ஏறக்குறைய அதே விசயத்தைத்தான். அதற்காக எங்கள் முன்னோருக்கு எல்லாம் தெரியும் என்று மார்தட்ட நாங்கள் வரவில்லை. அவர்களுக்குக் கிணற்றுக்கு அடியில் என்ன நடக்கிறதென்று தெரியாது. அதை அளக்க ஒரு பிள்ளை படிக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குக் குழை தாழ்த்த கதையும் தெரிந்திருந்தால் வகுப்பில் மற்றவர்களுக்கு இல்லாத ஒன்று அவள் கையில் இருக்கும். அக்கா, உங்கள் முறிந்த முதுகு வீணாய்ப் போகவில்லை என்று சொல்ல வந்தோம்.

சரி, வேலை இருக்கோ என்ற கேள்வி.

இருக்கிறது. 1998இல் இருந்து ஜேர்மனியில் மண்ணைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் உண்டு. பழைய தொழிற்சாலை நின்ற காணியில் வீடு கட்டுவதென்றால் மண்ணைச் சோதிக்க வேண்டும். தண்ணீர் வழங்கும் சபைகள், சுற்றாடல் அலுவலகங்கள், தனியார் ஆய்வுகூடங்கள், விவசாய ஆலோசனை நிலையங்கள் எல்லாவற்றுக்கும் ஆள் தேவை. ஆனால் பிள்ளை சொல்வது அதற்கும் மேலே, பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து படிப்பிப்பது. அதில் உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். முதற் பட்டம் மூன்று வருடம், முதுமாணி இரண்டு, கலாநிதிப் பட்டம் மூன்று முதல் ஐந்து. கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் காலத்தில் பெரும்பாலும் சம்பளம் உண்டு, பல இடங்களில் அரைச் சம்பளம். அதற்குப் பிறகு வருவது ஒப்பந்த வேலை. இரண்டு வருடம், மூன்று வருடம் என்று முடிய முடிய வேறு நகரம், சில வேளை வேறு நாடு. நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு. லால் மூன்று கண்டங்கள் சுற்றித்தான் நிலைத்து இருந்தார். முப்பது வயதில் வீடு, கார், கல்யாணம் என்று கணக்குப் போடும் பெற்றோருக்கு இது கசக்கும். பிள்ளையோடு இருந்து கதைக்க வேண்டியது இந்த விசயத்தைத்தான், சனம் என்ன சொல்லும் என்பதை அல்ல.

காசுக்கு: பாஃபெக் என்ற படிப்புதவிப் பணம் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும் கிடைக்கும். பாதி இனாம், மற்றப் பாதி வட்டியில்லாக் கடன். பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துத்தான் தொகை. எங்கள் போன்ற தொழிற்சாலைச் சம்பளத்துக்கு ஓரளவு கிடைக்கும் என்றுதான் நினைக்கிறோம். விசா வகை வேறென்றால் நிபந்தனைகளும் வேறு. பல்கலைக்கழக நகரத்து மாணவர் சேவை அலுவலகத்தில் கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் காட்டிக் கேளுங்கள்.

ஸ்ருட்காட் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஹோகன்ஹைம் பல்கலைக்கழகம் ஒரு ட்ராம் ஓட்டமும் ஒரு பஸ் ஓட்டமும்தான். 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசியால் அடுத்த வருடம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. பயிர் அழிந்து இந்தப் பகுதி மக்கள் பட்டினி கிடந்து, ஆயிரக்கணக்கில் வேறு நாடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆம், ஜேர்மன்காரர்தான். அதற்குப் பிறகு 1818இல் வூர்ட்டம்பேர்க் அரசர் தொடங்கிய விவசாயக் கல்விக்கூடம்தான் ஹோகன்ஹைம். அதே வருடம் விவசாயிகளுக்காக அவர் தொடங்கிய விழாதான் இன்று எங்கள் பிள்ளைகள் ராட்டினம் ஏறப் போகும் கான்ஸ்ராட் விழா. பொன், கோற்றிங்கன், கீல் நகரங்களிலும் விவசாய பீடங்கள் உண்டு. எல்லைக்கு அப்பால் ஒல்லாந்தில் வாகனிங்கன் இந்தத் துறைக்குப் பேர்போன இடம்.

பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு புதன்கிழமை, பல்கலைக்கழகங்கள் பள்ளி மாணவர்களுக்காகக் கதவைத் திறந்துவிடும். பெற்றோர் போனால் யாரும் துரத்த மாட்டார்கள். பாஷை பிசகினாலும் பரவாயில்லை, மகள் மொழிபெயர்ப்பாள். மண் பற்றிப் படிப்பிக்கும் பகுதி எங்கே என்று வாசலில் கேட்டுப் போய், அங்கே படிக்கிறவர்களிடமே நேரே கேளுங்கள்: படித்து முடித்த உங்கள் ஆட்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? எங்களைவிட அவர்கள் சரியாகச் சொல்லுவார்கள். போய்வந்து எழுதினால் பிரசுரிப்போம்.

அடுத்த இதழில், வீட்டு வெப்பமூட்டும் கணக்கு வருட முடிவில் ஏன் கூடி வருகிறது, அந்தத் தாளை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம்.